விளக்கு வைத்த ஐஸ் பெட்டி

1947 ஆடி மாசத்தில், புதுக்கடை ஊருக்கு மேற்கே ஒரு ஓட்டு வீட்டு முற்றத்தில், நான்கு ஆண்கள் சேர்ந்து ஒரு வெள்ளை இரும்புப் பெட்டியை வேனிலிருந்து இறக்கித் தலைகீழாக வைத்தார்கள். பெட்டியின் கால்களில் ஒன்று கோணியிருந்தது. நேராக வைத்தால் சாய்ந்துவிடும் என்றுதான் அப்படி வைத்தார்கள். தலைகீழாக வைத்ததுதான் நல்லதாகப் போயிற்று என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வேன் ரசலையனுடையது. பட்டாளத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டி, பர்மா எல்லை வரை போய்த் திரும்பியவன். ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டிகளை மதுரையில் ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், தான் ஓட்டிய மாதிரியே ஒன்றை எடுத்து வந்திருந்தான். குழித்துறைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கும் கருப்பட்டியும் ஏற்றிப் போவது அவன் திட்டம். உள்ளே காயம்பட்டவர்களைக் கிடத்தும் இரண்டு கட்டில்களும், பின்கதவுக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியும் இருந்தன. ரத்தப் புட்டிகளைக் குளிரில் வைப்பதற்கான பெட்டி. பட்டாளத்தில் அதை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள், அவனுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. சரக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று இறக்கிவிட்டான்.

அவன் மனைவி ஞானபாய் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு நெய்யூர்ப் பக்கத்தில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தவள். உட்கார்ந்த இடத்தில் விரல் சும்மா இருக்காது. எதைக் கண்டாலும் திருகிப் பார்க்கணும், கழற்றிப் பார்க்கணும். மாமியார் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை அவள் கழற்றிய கதை தனி.

பெட்டி இரண்டு மூன்று நாள் தலைகீழாகக் கிடந்தது. பிறகு ஒரு காலையில் அவள் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு அதை நிமிர்த்தி, கோணிய காலுக்கடியில் ஒரு கல்லை வைத்தாள். கீழே ஒரு தகரத் தொட்டியும் அதில் வட்டமான விளக்கும் இருந்தன. திரி மக்கிப்போயிருந்தது. லேஸ் நூலை எடுத்து, பழைய திரியின் அளவு பார்த்து, குழாய் மாதிரி வட்டமாகப் பின்னிப் போட்டாள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். உள்ளே மேல்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மதியம் வரை முதுகுப்பக்கம் சுட்டதே தவிர உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. "சவம், கெட்டுப்போனதாக்கும்" என்று ரசலையன் சொன்னான். அவளும் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். விளக்கை அணைக்க மட்டும் மறந்துபோனாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு தம்ளரை எடுத்துக்கொண்டு, பல்தேய்த்துக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள். அவன் கையை நீட்டச் சொல்லி, தம்ளரைக் கவிழ்த்துத் தட்டினாள். கட்டியாக ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"ஏட்டி, இதென்ன கண்ணாடியா?"

"வெள்ளமாக்கும். நேத்து தம்ளர்ல வச்சது."

"போ பிள்ளே."

"நாக்கை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தான். பல்பொடி வாயோடு சிரித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினான் என்று பக்கத்து வீட்டுக்காரன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரிப் பெட்டி நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளே குழாயில் இருக்கும் மருந்து ஓரிடத்தில் தேங்கி நின்றுவிடும், தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று பின்னால் ஒரு மெக்கானிக் சொன்னான். ஊருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தீயை வைத்துத் தண்ணீரை உறைய வைக்கிற பெட்டி வந்திருக்கிறது என்று ஆள் ஆளாக வந்து பார்த்தார்கள். ஒரு வயசான பாட்டா வந்து விளக்கைக் குனிந்து பார்த்தார், கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மரச்சீனித் திட்டம் அன்றோடு முடிந்தது. பெட்டி மறுபடியும் வேனுக்குள் ஏறியது.

வேன் சர்பத் வண்டியானது. நன்னாரி, எலுமிச்சை, பால் சர்பத். மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், தக்கலையில் ஆண்டு விழா என்று எங்கே கூட்டமோ அங்கே வேன் நிற்கும். ஒரு ஊரில் ஒரு வாரம், இன்னொரு ஊரில் பத்து நாள். இரண்டு கட்டிலும் அவர்களுக்குப் படுக்கையானது. சமையல் வெளியே மூன்று கல் வைத்து. துணி காய்வது பின்கதவில். "வீடு வாசல் இல்லாதவளாட்டம் ரோட்டுல கெடக்கா" என்று மாமியார் குறைப்பட்டாள். ஞானபாய்க்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போயிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் ஒருநாள் கடல், ஒருநாள் மலை.

பெட்டியோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. முதலாவது, அது சாயக்கூடாது. கொஞ்சம் சாய்ந்தால் குளிர் நின்றுவிடும். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் ஞானபாய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிப் பெட்டியின் தலையில் வைப்பாள். தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் பள்ளம்.

"கொஞ்சம் முன்னால எடுங்க. ஆங், போதும். இல்ல, பின்னால. அந்த டயருக்கடியில ஒரு கல்லு வையுங்க."

"நான் வண்டியை நிறுத்துதனா, தொட்டிலு ஆட்டுதனா?"

"பேசாம ஆட்டுங்க."

இரண்டாவது, விளக்கு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளானால் புகை, புகை வந்தால் குழாயில் கரி, கரி பிடித்தால் சர்பத் வெந்நீர். தினமும் திரியின் நுனியை நறுக்கிச் சமப்படுத்துவாள். அதற்கு லேஸ் கத்தரிக்கோல்தான்.

மூன்றாவது, ஓடும்போது விளக்கு எரியக்கூடாது. இது அடிபட்டுக் கற்ற பாடம். குளச்சலுக்குப் போகும் வழியில் ஒருதரம் விளக்கு எரிகிறதை மறந்து ரசலையன் வண்டியை எடுத்துவிட்டான். ஒரு குழியில் இறங்கி ஏறியதில் எண்ணெய் சிந்தி, பின்பக்கம் பற்றிக்கொண்டது. ஞானபாய் தண்ணீர்ப் பானையை அப்படியே கவிழ்த்து, நனைந்த சாக்கைப் போட்டு அமுக்கினாள். இடது முழங்கையில் கடைசிவரை ஒரு தழும்பு இருந்தது. அன்றிலிருந்து, "அணைச்சாச்சு" என்று அவள் உரக்கச் சொன்னால்தான் அவன் வண்டியைக் கிளப்புவான். இருவரும் கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் நாட்களிலும் அந்த ஒரு சொல் மட்டும் தவறாது.

ஓடும் நேரத்துக்கு ஐஸ் பாளம். நாகர்கோவிலில் வாங்கி, உமியில் புதைத்து, சாக்கில் சுற்றி, பெட்டிக்குள் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்வார்கள். ஊர் சேரும்வரை அது குளிரைக் காப்பாற்றும்.

நாகர்கோவில் கோட்டாற்றில் நிற்கும்போது அவளுக்கு ஓய்வு. பெட்டியின் முதுகில் கரண்டுக்கென்று ஒரு கம்பிச்சுருளும் இருந்தது. அங்கே அரிசிக்கடை வைத்திருந்த அப்துல் ரசாக் தன் கடையிலிருந்து வயர் இழுத்துக் கொடுப்பார். மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு இருந்த காலம், அதனால் அது பெரிய உதவி. அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்பத் குடிக்கக்கூடாது என்று வீட்டில் தடை. "ஞானபாயம்மா, எலுமிச்சை மட்டும் புழிஞ்சு, உப்புப் போட்டு, நல்லா தணுக்க, ஐஸாட்டம் ஒண்ணு தாங்கோ. தணுப்புக்குச் சர்க்கரை இல்லல்லா" என்பார்.

ஆரல்வாய்மொழிதான் அவளுக்குப் பிடிக்காத இடம். ஆனி ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று எந்த விளக்கையும் விட்டுவைக்காது. தகரம் வைத்தாள், சாக்குக் கட்டினாள், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ரசலையன் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு விளக்குக்கு முன்னால் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டை அங்கேயே கொடுத்தாள். வண்டிக்காரர்கள் வந்து, "என்ன ஓய், பெஞ்சாதி இருக்கச் சொன்னாளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "மதிலு மாதிரி நில்லுன்னு சொன்னா. நான் இருந்துகிட்டேன்" என்றான்.

பிள்ளைகள் பிறக்கவில்லை. முதல் சில வருஷம் எதிர்பார்த்தார்கள், வருத்தப்பட்டார்கள். திருவிழாவில் சர்பத்துக்குக் கைநீட்டும் சிறுசுகளுக்கு ஞானபாய் தம்ளரை நிறைத்து ஊற்றுவதை ரசலையன் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பான்.

1951 ஐப்பசியில் நாகர்கோவிலில் வண்டி நின்றபோது, மத்தியாஸ் என்ற கம்பவுண்டர் வந்தார். மருத்துவமனையில் வேலை. பருத்த உடம்பு, நடந்தால் மூச்சு வாங்கும், ஆனால் பேச்சு நிற்காது. சர்பத் குடிக்க வந்தவர்தான், குடித்துவிட்டுப் போகாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இதுல மருந்து வச்சா கெடாம இருக்குமா?"

"என்ன மருந்து?"

அவர் சொன்னார். குலசேகரத்துக்கு வடக்கே, ரப்பர் எஸ்டேட்டை ஒட்டி, பனிச்சக்கோணம் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஒரு வெறிநாய் புகுந்து பெரியவர், சிறியவர் என்று ஒரு டஜன் பேரைக் கடித்துவிட்டது. வயிற்றில் தினமும் ஒரு ஊசி, இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். ஒருநாள் விட்டாலும் ஆபத்து. கூலி வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள். மழையில் தினமும் அவ்வளவு தூரம் வந்துபோக முடியாது. மருந்தை அங்கே கொண்டுபோனால் குளிரில்லாமல் கெட்டுப்போகும். டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்.

"கெட்டுப்போன மருந்தைக் குத்தினா என்ன ஆகும்?" ஞானபாய் கேட்டாள்.

"வெறும் வெள்ளத்தைக் குத்துன மாதிரி. அப்புறம் நாய்க்கு வந்தது அவியளுக்கும் வரும். வந்தா ஒருத்தரும் பிழைக்கமாட்டாவ."

ஞானபாய் புருஷனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சர்பத் புட்டிகளை எடுத்து வெளியே அடுக்கத் தொடங்கியிருந்தான்.

டாக்டரே வந்து பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். மருந்து உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது என்று சொல்லி, எந்தத் தட்டில் வைக்கணும் என்று அவளோடு சேர்ந்து நின்று தேர்ந்தெடுத்தார். அன்று மத்தியானமே ஐஸ் பாளம், உமி, இரண்டு டின் மண்ணெண்ணெய், மருந்து, மத்தியாஸ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. எண்ணெய் தீர்ந்தால் பாதி வாரத்தில் இன்னும் இரண்டு டின் அனுப்புவதாக ஏற்பாடு.

பனிச்சக்கோணத்தில் எஸ்டேட்டின் ரப்பர் ஆலை ஒன்று இருந்தது. அதில் ஒரு டைனமோ பகலில் ஓடும். மேஸ்திரி ஆலைச் சுவரோரம் வேனை நிறுத்த இடம் கொடுத்து வயரும் இழுத்துக் கொடுத்தார். பகலில் டைனமோ, ஆலை நின்றபிறகு விளக்கு. ஞானபாய் கிண்ணம் வைத்துப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னபோது, கடிபட்டவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடிபட்டவர்களில் எஸ்டேட் காவல்காரன் சுயம்புவும் அவன் மகள் முத்துக்கனியும் உண்டு. மகளை நாய் பிடித்தபோது வெறுங்கையோடு பாய்ந்து அதன் வாயைப் பிளந்தவன். பெரிய மீசை. காட்டுப்பன்றியைத் தடியால் விரட்டுகிறவன் என்று பெயர். அவனுக்குக் கையில் கடி, மகளுக்குக் காலில்.

முத்துக்கனிக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும். முதல் ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், அழவில்லை. ஞானபாய் உடனே ஒரு தம்ளர் நன்னாரி சர்பத்தைக் கொடுத்தாள். மருந்துக்குக் கீழ்த்தட்டில் அதற்கென்று கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஊசி, சர்பத். சில பெரியவர்கள் சர்பத்தை நினைத்தே வரிசையில் நின்றார்கள்.

மூன்றாம் நாள் சுயம்புவைக் காணவில்லை. அவன் மனைவி சொர்ணம்மாள் வெட்கத்தோடு வந்து, "அயனி மரத்துல ஏறி இருக்காரும்மா" என்றாள்.

ஞானபாய் போய் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, எறங்கி வாங்க."

"வரமாட்டேன். அது மாட்டுக்குக் குத்துற ஊசியாக்கும்."

"ஒங்க மக குத்திகிட்டு சர்பத் குடிச்சிட்டிருக்கா."

"அவளுக்கு வயிறு சின்னது. வலியும் கொஞ்சந்தான் இருக்கும்."

கீழே நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஞானபாய் சிரிக்கவில்லை. "நாயோட வாயைப் பொளந்த ஆளுக்கு இது ஒரு கொசு. நீங்க எறங்காட்டா நான் ஏறுவேன்" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கவட்டில் காலும் வைத்துவிட்டாள். சுயம்பு மேலேயிருந்து பதறினான். "ஐயோ, வேண்டாம் தாயி, விழுந்துடுவிய. நானே வாறேன்." இறங்கி வந்தவன், வேன் வரைக்கும் அவளுக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நடந்தான். ஊசி போடும்போது மகளின் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டான். அதற்குப் பிறகு தினமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஊசிக்குப் படுப்பான்.

முதல் வாரம் முடியுமுன் மழை பிடித்தது. விடாத மழை. ஆறு பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூடியது. நாகர்கோவிலிலிருந்து வரவேண்டிய எண்ணெய் வரவில்லை. அடுத்த நாள் ஆலையில் பள்ளமாக இருந்த டைனமோ அறைக்குள் வெள்ளம் ஏறி டைனமோ நின்றது. வேன் நின்ற மேட்டுப் பக்கம் தப்பியது. அதற்குப் பிறகு பகலும் இரவும் விளக்கு மட்டும்தான். டின்னில் எண்ணெய் குறைவதை ஞானபாய் ஒரு ஈர்க்குச்சியை விட்டு அளந்து பார்த்தாள். குச்சி நனைகிற உயரம் பார்க்கப் பார்க்கக் குறைந்தது.

"நான் மலைச்சரிவு வழியா சுத்திக் குலசேகரம் போறேன்" என்றான் ரசலையன். "அங்க எங்கயாவது ஒரு டின் கிட்டும். ஒருநாள்ல வந்திருதேன்."

"வழி தெரியுமா?"

"பர்மாவுல தெரிஞ்சா நடந்தேன்?"

சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவன் மழைக்குள் போனான். போனவன் அன்று வரவில்லை.

மறுநாள் ஞானபாய் காத்திருக்கவில்லை. ஊரில் யாரிடம் புன்னைக்காய் எண்ணெய் இருக்கிறதென்று கேட்டு, ஒருத்தர் கொடுத்ததை மிச்ச மண்ணெண்ணெயோடு கலந்து ஊற்றினாள். அவசரத்தில் அவள் செய்த தப்பு அது. விளக்கு மஞ்சளாகி, சிவந்து, புகை கக்கியது. கொஞ்ச நேரத்தில் குழாய் முழுக்கக் கரி. உள்ளே வெப்பமானி ஏறத் தொடங்கியது. விளக்கை அணைத்து, திரியைக் கழற்றி, தேங்காய் நாரைக் கம்பியில் சுற்றிக் குழாயைத் தேய்த்தாள். முழங்கை வரை கரி. முகத்தைத் துடைத்ததில் முகமும் கரி. மத்தியாஸ் பேச்சே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நீட்டியதை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்துப் புட்டிகளில் நனைந்த துணியைச் சுற்றி, கதவைத் திறக்காமல் வைத்திருந்தார்கள்.

திரி பாழாகிவிட்டது. புதுத் திரி பின்ன நூல் இருந்தது. நல்ல எண்ணெய்தான் இல்லை.

"என்ன செய்ய?" என்று மத்தியாஸ் மெதுவாகக் கேட்டார்.

"தெரியல அண்ணே." அவள் கரிபிடித்த திரியைக் கீழே போட்டாள். "நான் ரெண்டையும் கலந்திருக்கப்பிடாது."

சொர்ணம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனாள். சற்று நேரத்தில், பனையோலைக் குடையின் கீழ் ஒரு சிறு புட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வீட்டு விளக்கிலிருந்து ஊற்றிய மண்ணெண்ணெய். பாதிப் புட்டிகூட இல்லை.

"இது காணாது, தெரியும். நான் எல்லா வீட்டுலயும் சொல்லியிருக்கேன்."

"அப்பம் நீங்க விளக்குக்கு என்ன செய்விய?"

"வெளிச்சத்தோட சோறு தின்னுட்டுப் படுத்துகிடுவோம். இருட்டு எங்களைக் கடிக்கவா போவுது?"

பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். சிமினி விளக்கைக் கழற்றாமல் அப்படியே கொண்டுவந்தவர்கள், சிரட்டையில் கொண்டுவந்தவர்கள். கடிபடாத வீடுகளிலிருந்தும் வந்தது. ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் ஒரே குடைக்குள் வந்தார்கள். ஞானபாய் எல்லாவற்றையும் நாலாக மடித்த துணியில் வடிகட்டினாள். பாதி எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. வடிகட்டிக்கொண்டே அழுதாள், ஆனால் கை நிற்கவில்லை. புதுத் திரி போட்டுப் பற்றவைத்தபோது நீலம் பிடித்தது. மத்தியாஸ், "ஆண்டவரே" என்று பெருமூச்சு விட்டுச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார்.

அந்தியில் பனிச்சக்கோணத்தில் எந்த வீட்டிலும் வெளிச்சமில்லை. ஜனங்கள் ஆலைத் தாழ்வாரத்தில் வேனைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். மத்தியாஸுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கதைகளாகச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஒரு கிழவி தாலாட்டு ஒன்றை எடுத்தாள், யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். முத்துக்கனி ஞானபாயின் மடியிலேயே தூங்கிப்போனாள். அவளைத் தூக்க வந்த சொர்ணம்மாளிடம், "கொஞ்சம் கெடக்கட்டுமே" என்றாள் ஞானபாய்.

மறுநாள் மத்தியானம் ரசலையன் வந்து சேர்ந்தான். தலையில் மண்ணெண்ணெய் டின். கால் முழுக்க அட்டை. டின்னை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஞானபாய் உப்புக் கிண்ணத்தோடு வந்து அவன் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாக உப்பு வைத்து உதிர்த்தாள்.

"ஒருநாள்ல வாறேன்னு போனவருக்கு இப்பம்தான் ஒருநாளு முடிஞ்சுதா?"

"ஆறு ரெண்டு எடத்துல மறிச்சுப்போட்டு. ஏட்டி, ஒனக்க மொகத்துல என்ன?"

அவள் கையால் தொட்டுப் பார்த்தாள். நேற்றைய கரி.

"பவுடர்" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்து, பிறகு சிரிப்பு நின்று, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றி ஆட்கள் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

டின்னிலிருந்து முதலில் வீடுகளின் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னாள் ஞானபாய். ஊரார் கேட்கவில்லை. பெட்டிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பினார்கள். கடைசியில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்தாள்.

ஆறு வடிவதற்குள் ஊசிகள் முடிந்துவிட்டன. ஆறு வடிந்ததும் டாக்டர் வந்து எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகும் மாசக்கணக்கில் பயம் இருக்கத்தான் செய்தது. யாருக்காவது காய்ச்சல் என்றாலும் மத்தியாஸுக்கு ஆள் வரும். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு வேனுக்கு இரண்டு வேலை. திருவிழாக் காலத்தில் சர்பத். மற்ற நாட்களில் மருத்துவமனைக்காக அம்மை ஊசி மருந்தையும் காலரா ஊசி மருந்தையும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மலையடிவாரம் வரை கொண்டுபோவது. கடற்கரையில் உப்புக்காற்று பெட்டியின் அடித்தகரத்தைத் தின்றது. ஞானபாய் கொல்லனை வைத்து வேறு தகரம் அடித்துப் போட்டாள். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

1954-இல் ரசலையனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவை செய்யலாம், ஆனால் வண்டி ஓட்டுவது சரிப்படாது என்றார்கள். வேனை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது, "எதுக்காக்கும்? நான் ஓட்டுதேன்" என்றாள் ஞானபாய். அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

மண்டைக்காட்டுக் கடற்கரை மணலில் பழகினாள். தென்னை ஒன்றை இடித்து அதிலிருந்து ஒரு குலை வேன்மேல் விழுந்தது. லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. அவள் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்தாள். இறங்கும்போது அவர், "நீங்க ஓட்டுங்கோ அம்மா. ஆனா நான் நடந்து போயிருதேன்" என்றார்.

குளச்சல் தெருவில் அவள் முதலில் ஓட்டிப்போனபோது பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பின்னால் விளக்கும் திரியும் இப்போது ரசலையன் பொறுப்பு. தெளிவாகத் தெரியாத கண்ணோடு திரியைத் தடவித் தடவி நறுக்குவான். நெருப்பின் நிறம் மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

1956 நவம்பர் முதல் தேதி, இந்தத் தாலுகாக்கள் திருவாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அன்று, நாகர்கோவிலில் அவ்வளவு கூட்டத்தை அவர்கள் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. கொடியும் மேளமும் வெடியும். கோட்டாற்றில் அப்துல் ரசாக் கடைக்கு முன்னால் வேனை நிறுத்தி, வயர் மாட்டி, விடியுமுன்பே புட்டிகளை நிரப்பி வைத்திருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் குளிர்ந்தது முழுக்கத் தீர்ந்துபோயிற்று. கூட்டம் மட்டும் தீரவில்லை. ஞானபாய் புதிதாகக் கலக்கி உள்ளே வைப்பாள், கதவைச் சாத்துமுன் ஆளுக்கொரு கை உள்ளே நீளும்.

"தணுக்கலப்பா, கொஞ்சம் பொறுங்க! இப்பந்தான் வச்சேன்!"

"பரவாயில்லக்கா, சும்மா தாங்க!"

"வெயிலுல வச்ச வெள்ளமாட்டு இருக்கும்!"

"தாங்கக்கா!"

ஊற்றிக் கொடுத்தாள். சூடான நன்னாரி சர்பத்தைக் குடித்துவிட்டு, "ஆகா, என்ன தணுப்பு" என்றான் ஒருத்தன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரசலையன் பின்கதவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞானபாய் தலையில் அடித்துக்கொண்டு, பெட்டியின் கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு, நீட்டிய கைகளிலெல்லாம் தம்ளரை வைத்துக்கொண்டே இருந்தாள்.